கொடையாளர் நேரில் வரவேண்டும்

“அங்கிள், அந்தச் சொல்ல இங்க சொல்லக்கூடாது லா.”

“எந்தச் சொல்லும்மா?”

“இப்ப சொன்னீங்களே, அதான்.”

கமலநாதன் நிமிர்ந்து பார்த்தார். கவுண்டருக்கு மேலே மூன்று மொழிகளில் ஒரு பலகை தொங்கியது. ‘கொடைப்பொருள் என்று மட்டுமே குறிப்பிடவும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’

“சரிம்மா. என் வீட்டுக்காரிக்கு ரெண்டாந்தடவ வைக்கவேண்டிய கொடைப்பொருள் எப்பக் கெடைக்கும்?”

“அது ரெடியா இருக்கு அங்கிள். உள்ள ப்ரீசர்ல இருபத்திரண்டு குப்பி இருக்கு.”

“அப்பக் கொடுத்துடலாமே.”

“கொடையாளர் வரலையே.”

“அவரு எதுக்கும்மா? அவருதான் கொடுத்துட்டுப் போயிட்டாரே.”

சட்டையில் ஹுமைரா என்று பெயர் குத்தியிருந்த அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். கொடுத்து அறுபது நாள் கழித்து அவர் மறுபடி நேரில் வரவேண்டும். ரத்தம் கொடுக்கவேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். இடையில் அவருக்கு ஒரு நோயும் வரவில்லை என்று உறுதியானால்தான் குப்பிகளுக்குப் பூட்டுத் திறக்கும்.

வாரியத்தின் விதிகளில் கமலநாதனுக்குப் புரிந்த விதி அது ஒன்றுதான். முப்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். சிவப்பு விழுந்தால் நிற்கவேண்டும், ஏன் விழுந்தது என்று கேட்கக்கூடாது.

“போன் பண்ணிப் பார்த்தீங்களா?”

“பதினோரு தடவ. எடுக்கல. மூணு கடிதம் போட்டாச்சு.”

“அவரு யாரு, எங்க இருக்காருன்னு சொன்னா நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன்.”

“அது ரகசியம் அங்கிள். கொடையாளர் பதினேழு. அவ்வளவுதான் சொல்லலாம். ஆனா பெறுநர் குடும்பம் விரும்பினா அவர வரச்சொல்லித் தூண்டலாம்.” ஒரு தாளை நீட்டினாள். ‘மதிப்பிற்குரிய கொடையாளர் அவர்களே’ என்று தொடங்கி, வரும்படி கெஞ்சியது அந்தக் கடிதம். முகவரி எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது.

குடல்வாழ் நல்லுயிர்க் கொடை வாரியம் ஷா ஆலமில், பிஸ்கட் தொழிற்சாலைக்கும் மெத்தைக் கிடங்குக்கும் நடுவே இருந்தது. காலை ஒன்பது மணிக்கு மணி அடிக்கும். ஊழியர்களும் வரிசையில் நிற்பவர்களும் எழுந்து, வலது கையை வயிற்றில் வைத்து, ‘கொடுப்பது சிறிது, குடிபுகுவது பல கோடி’ என்று உறுதிமொழி சொல்லவேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். அது மரியாதையா வலியா என்று வாரியம் விசாரித்ததில்லை. அங்கே ஒரு கழிப்பறையும் இருந்தது. ஆனால் வளாகத்துக்குள் வெளியேறும் எதுவும் வாரியத்தின் உடைமை என்பதால், படிவம் நிரப்பி, சாப்பு என்கிற முத்திரை வாங்கிய பிறகே சாவி கிடைக்கும். பேதி முற்றியவர்கள் எதிர்ச்சாரியில் மெத்தைக் கிடங்குக்கு ஓடினார்கள்.

கமலநாதனின் மனைவி குமுதாவுக்குப் பல்வலியில் தொடங்கியது எல்லாம். டாக்டர் கொடுத்த மாத்திரை பல்லைக் காப்பாற்றிவிட்டது. கூடவே, ஐம்பத்தெட்டு வருஷமாக வயிற்றுக்குள் குடியிருந்த நல்ல கிருமிகளைக் கொன்றுவிட்டு, ஒரு கெட்ட கிருமிக்கு வீட்டைத் திறந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. நாலு மாதத்தில் அறுபத்திரண்டு கிலோ நாற்பத்தொன்றாகிவிட்டது. மருந்துக்குக் கேட்கும், மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும்.

“இனிமே ஒரே வழிதான்,” என்றார் பெரிய டாக்டர். “நல்ல ஆரோக்கியமான ஆளோடத எடுத்து, கரைச்சு, வடிகட்டி, குழாய் வழியா உங்க வீட்டம்மா குடலுக்குள்ள வைக்கணும்.”

“எத டாக்டர்?”

“அதத்தான்.”

டாக்டரே தொடர்ந்தார்: “மூணு தடவ வைக்கணும். ஒரே ஆளோடதா இருக்கணும்னு வாரியத்தோட விதி.”

முதல் குப்பி வைத்தார்கள். அது பதினேழாம் எண்காரர் முன்பே கொடுத்து, பரிசோதனை முடிந்த கடைசிக் குப்பி. பதினான்கு நாள் குமுதா நடமாடினாள். பதினைந்தாம் நாள் மறுபடி படுத்துவிட்டாள். இரண்டாவது குப்பி இல்லாவிட்டால் ஒரு மாதம் தாங்குவதே கஷ்டம் என்று டாக்டர் சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

“வேற கொடையாளரே இல்லையாம்மா?” என்று கமலநாதன் ஹுமைராவிடம் கேட்டதற்கும் பதில் இருந்தது.

“நானூறு பேர் விண்ணப்பம் போட்டாங்க அங்கிள். தேறினது மூணு பேர். ஒருத்தர் தாய்லாந்துப் பக்கம் ஹாட்யாய்க்கு டூர் போயிட்டாரு, ரத்து. இன்னொருத்தர் கையில பச்சை குத்திக்கிட்டாரு, ரத்து. இவர்தான் மிச்சம். ரொம்ப நல்ல கொடையாளர். பாருங்க, அங்க படமே மாட்டியிருக்கு.”

சுவரில் ‘இம்மாத நட்சத்திரக் கொடையாளர்’ என்ற தலைப்பின்கீழ் ஒரு படம் இருந்தது. ரகசியம் காக்கவேண்டும் என்பதால் முகத்தை மட்டும் புகைபோல அழித்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே எல்லாம் துல்லியமாக இருந்தது. நீலச் சட்டை, எண்ணெய்க் கறை, சட்டைப் பையில் ‘யுகேன்’ என்ற தையல். பின்னால் பெயர்ப்பலகை: ‘விஜயன் டயர், பண்டமாரான், கிள்ளான்’.

அதை வாரியத்தில் யாரும் கவனித்திருக்கவில்லை. முகத்தை அழிப்பதாகத்தான் தீர்மானம் போட்டிருந்தார்கள், மற்றதைப் பற்றித் தீர்மானம் இல்லை.

கமலநாதனைக் கதிகலங்க வைத்தது பலகை இல்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. ‘பிடித்த உணவு: பெத்தாய் சம்பால்.’

குமுதாவுக்குப் பெத்தாய்க் கொட்டையின் வாடையே ஆகாது. பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் அதை விற்கிற கடையைக் கண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாள். முதல் குப்பி வைத்த மூன்றாம் நாள், படுத்தபடியே, “ஏங்க, கொஞ்சம் பெத்தாய் சம்பால் கிடைக்குமா?” என்றாள். நாக்கு செத்துப்போனதால் கேட்கிறாள் என்று நினைத்து அவர் வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்றும் நடந்திருந்தது. ஒரு மத்தியானம், அடுக்குமாடிக்குக் கீழே யாரோ மோட்டார் சைக்கிளில் போனார்கள். கண்ணை மூடிப் படுத்திருந்த குமுதா சொன்னாள்: “பின் டயர்ல காத்து கம்மி.”

“என்னது?”

“ம்? நான் ஒண்ணும் சொல்லலையே.”

அவள் வாழ்க்கையில் மோட்டார் ஓட்டியதில்லை. கமலநாதன் சுவரில் இருந்த அந்த நீலச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்த புகை, அவரையே பார்ப்பதுபோல இருந்தது.

*

சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கினார். டயர்க்கடைக்காரர் விஜயன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“யுகேனா? நீங்க யாரு அங்கிள், சொந்தமா?”

“ஒரு வகையில.”

“தெரியாதா உங்களுக்கு? அவன் போயி அஞ்சு வாரம் ஆச்சு. வேலைக்கு வரப்ப லோரி அடிச்சிருச்சி. இந்த முனையிலதான். ஹெல்மெட்டுல ஒரு கீறல் இல்ல அங்கிள். ஆளு முழுசா இருந்தான். ஆனா இல்ல.”

கமலநாதன் கையிலிருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ‘மதிப்பிற்குரிய கொடையாளர் அவர்களே, ஓர் உயிர் உங்களுக்காகக் காத்திருக்கிறது.’

“நல்ல பையனா?”

“தங்கம். தண்ணி கிடையாது, சிகரெட் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் காலையில ஷா ஆலம் போயிட்டு லேட்டாத்தான் வருவான். எங்கடான்னா, ‘நல்ல காரியம் பாஸ், கேக்காதீங்க’ம்பான். பொண்ணு யாரோன்னு விட்டுட்டேன்.”

விஜயன் வழிகாட்டிய அடுக்குமாடியில், யுகேந்திரனின் அம்மா இராஜம்மா நாலாவது மாடியில் இருந்தார். கூடத்தில் மகன் படத்துக்கு மாலை, பக்கத்தில் வாரியம் கொடுத்த சான்றிதழ், சட்டம் போட்டு. ‘உயிர் ஈந்த வள்ளல்’ என்று அதில் இருந்தது.

“ரத்தம் கொடுத்தான்ல அண்ணே, அதுக்குக் கொடுத்தது,” என்றார்.

“ரத்தம் இல்ல தங்கச்சி.”

“பின்ன?”

வீட்டில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லை அங்கே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாரியத்தின் பலகைக்கு முதல்முறையாக மனதுக்குள் நன்றி சொன்னார்.

“கொடைப்பொருள்,” என்றார். பிறகு எங்கிருந்து வருவது, எங்கே வைப்பது என்பதைக் கையால் காட்டினார். இராஜம்மா வெகுநேரம் அவரைப் பார்த்தார். சிரிக்கப்போகிறாரா, அடிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை.

“அதுலயா உயிரு?”

“கோடிக்கணக்குல இருக்காம். நல்ல கிருமி. அவரு வயித்துல வளந்தது. என் வீட்டுக்காரி வயித்துல இப்ப இருக்கு. இன்னும் இருபத்திரண்டு குப்பி உறைய வெச்சிருக்காங்க.”

“உறைஞ்சா செத்துராது?”

“சாவாதாம். தூங்குமாம்.”

இராஜம்மா மகன் படத்தைப் பார்த்தார்.

“பதினாறாம் நாளு படையல் போட்டேன் அண்ணே. அவனுக்குப் பிடிச்சதெல்லாம் ஆக்கி, மாடியில எலைய வெச்சுக் கூப்பிட்டேன். ஒரு காக்கா வரல. ரெண்டு மணி நேரம் கத்தினேன். இந்த ப்ளோக்குல காக்காவுக்கா பஞ்சம்? பண்டாரம் சொன்னாரு, வேற எங்கயோ சாப்பாடு கெடச்சிருக்கும், அதான் வரலன்னு.” படத்தின் மாலையைச் சரிசெய்தார். “அன்னிக்கு உங்க வீட்டம்மா என்ன சாப்பிட்டாங்க?”

கமலநாதன் தேதியைக் கணக்குப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தார்.

“பெத்தாய்,” என்றார்.

*

மரணச் சான்றிதழோடு இருவரும் வாரியத்துக்குப் போனார்கள். ஹுமைராவின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கணினியில் ‘வராததற்குக் காரணம்’ என்ற இடத்தில் மரணம் என்பது இல்லை. ‘வெளியூர்’, ‘விருப்பமின்மை’, ‘முகவரி மாற்றம்’ என்று மூன்றுதான் இருந்தன.

“முகவரி மாற்றம்னு போடவா அங்கிள்?”

“அப்படிப் போட்டா என்ன ஆகும்?”

“புது முகவரி கேக்கும்.”

விஷயம் தலைவரிடம் போனது. டத்தோ டாக்டர் சபாபதி நீண்ட மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். மேசையின்மேல் தங்க முலாம் பூசிய பெருங்குடல் ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள். சுவருக்குப் பின்னால் உறைபெட்டிகள் விடாமல் உறுமிக்கொண்டிருந்தன.

“கமலநாதன், ஒரு மனுஷனா உங்க வேதனை எனக்குப் புரியுது,” என்றார். “ஆனா நான் இங்க மனுஷனா உக்காந்திருக்கல. தலைவரா உக்காந்திருக்கேன்.”

“கொடையாளர் இறந்துட்டாரு டத்தோ.”

“அது வராததுக்குக் காரணம். வராம இருக்கறதுக்கு அனுமதி இல்ல. இன்னிக்கு நாங்க சாவ ஏத்துக்கிட்டோம்னா, நாளைக்கு எல்லாக் கொடையாளரும் அதையே சொல்லுவாங்க.”

இராஜம்மா முன்னால் வந்தார். “ஐயா, என் மகனுக்கு நோய் ஒண்ணும் இல்ல. லோரி அடிச்சுச் செத்தான்.”

டத்தோ தடித்த வழிகாட்டி நூலைப் புரட்டினார். நிதானமாக, விரலை எச்சில் தொட்டு.

“தொற்றுநோய்ப் பட்டியல்ல லோரி இல்ல.”

“அப்ப நல்லதுதானே ஐயா?”

“பட்டியல்ல இருந்தாப் பரிசோதிக்கலாம். இல்லாதத என்ன பண்ணுவேன்? ‘தெரியாத காரணம்’னுதான் எழுதணும். தெரியாததுதான்மா ரொம்ப ஆபத்து. இருபத்திரண்டு குப்பியையும் வர்ற மாசம் எரிச்சிடுவோம். மரியாதையோட. அதுக்குத் தனிச் சடங்கே இருக்கு, நானே எழுதினது.”

“ஏற்கெனவே ஒரு தடவ எரிச்சாச்சே ஐயா,” என்றார் இராஜம்மா.

 சுவருக்குப் பின்னால் உறைபெட்டிகள் உறுமின. அந்த உறுமல் தாங்காமல்தான் கமலநாதன் அதைச் சொல்லிவிட்டார்.

“டத்தோ, அவரு முழுசாப் போகல. என் வீட்டுக்காரி பெத்தாய் சாப்பிடுறா. டயர்ல காத்து கம்மின்னு சொல்றா.”

டத்தோ நூலை மூடினார். அடுத்த மாதம் ஜெனீவாவில் ஒரு மாநாடு இருந்தது, அதில் வாசிக்க அவரிடம் இதுவரை எதுவும் இல்லை.

“இத ஏன் முதல்லயே சொல்லல?” என்றார்.

*

குமுதாவிடம் மாதிரி எடுத்தார்கள். அதற்கு மட்டும் வாரியத்தில் கழிப்பறைச் சாவி கேளாமலே கிடைத்தது. முடிவு வர எட்டு நாளாகும் என்றார்கள். அந்த எட்டு நாளும் இராஜம்மா பகல் கொமுட்டரில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வந்தார், கையில் அடுக்குத் தூக்கு.

முதல் நாள் வாசலில் நின்று, “அக்கா, பெத்தாய் சம்பால் கொஞ்சம் கொண்டாந்தேன்,” என்றார். குமுதா எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி படுத்ததிலிருந்து கஞ்சியையே தள்ளிவிட்டவள், இலையில் பரிமாறியதைப் பார்த்ததும் இரு கையையும் தொடையில் தேய்த்துக்கொண்டாள். எண்ணெய்க் கையைச் சட்டையில் தேய்ப்பதுபோல. இராஜம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தங்கச்சி, இவ்வளவு காரம் அவளுக்கு ஆகாது,” என்றார் கமலநாதன்.

“உங்க வீட்டம்மாவுக்கு இல்லண்ணே.”

“பின்ன?”

இராஜம்மா பதில் சொல்லாமல் இன்னொரு கரண்டி வைத்தார். குமுதா சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் பேதி போனது. இருந்தாலும் மறுநாள் பன்னிரண்டு மணி ஆனால் கண் வாசலுக்குப் போய்விடும்.

“ஏங்க, அம்மா வரலையா?”

“எந்த அம்மா?”

“அதான், அந்த அம்மா,” என்று குமுதா சமாளித்தாள். அவளுக்கு இராஜம்மாவைவிட ஏழு வயது கூடுதல்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. குமுதாவின் குடலில் இருப்பவற்றில் நூற்றுக்கு அறுபத்தொன்று, கொடையாளர் பதினேழுடையது. டத்தோ கூட்டம் கூட்டினார்.

“ஒரு கம்பெனியில அறுபத்தோரு சதவீதப் பங்கு யாருகிட்ட இருக்கோ, அவன் பேர்லதானே கம்பெனி ஓடும்? நாங்க விதிய மீறல. விதிய நேசிக்கிறோம். கொடையாளர் நேரில் வரவேண்டும்னு விதி சொல்லுது. எந்த உடம்புல வரணும்னு எங்கயும் சொல்லல.”

எல்லோரும் வலது கையை வயிற்றில் வைத்து ஆமோதித்தார்கள்.

“அப்ப குமுதாவ…” என்று கமலநாதன் தொடங்கினார்.

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க. கொடையாளராத்தான் வரணும். அவர் ஐசி அட்டை நகல் கொண்டாங்க. அம்மாவும் வரணும், அடையாளம் காட்ட.”

வெளியே வந்ததும் கமலநாதன் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். “அவங்க கேள்விப் பட்டியல்ல பேதி இருக்கு தங்கச்சி. பேதி இருந்தாக் கொடையாளர் தேறமாட்டாரு, குப்பிய எரிச்சிடுவாங்க. இல்லன்னு சொன்னாத்தான் கொடுப்பாங்க. பேதி இருக்கறதுனாலதானே கேக்கறோம்?”

“என் மகனுக்குப் பேதி இல்லையே அண்ணே,” என்றார் இராஜம்மா.

*

வெள்ளிக்கிழமை கிராப் வாடகைக் காரில் வரும்போது கமலநாதன் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“எது கேட்டாலும் இல்லன்னு சொல்லு. அவ்வளவுதான்.”

“பொய்தானேங்க?”

“ஆமா.”

“இந்த வயசுல என்னப் பொய் சொல்ல வெக்கிறீங்களே.” தலையைச் சன்னலில் சாய்த்துக்கொண்டாள். முப்பத்தொன்பது கிலோ. கார் குலுங்கும்போதெல்லாம் சீட் பெல்ட்டுக்குள் அவள் இருக்கிறாளா என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“என்சிக் யுகேந்திரன்!” என்று ஒலிபெருக்கி, ஆண்களை அழைக்கும் மலாய் மரியாதையில், கூப்பிட்டது. கமலநாதன் தோளைத் தொடுவதற்கு முன்பே குமுதா எழுந்துவிட்டாள்.

ஹுமைரா எழுதும்போது டத்தோ பின்னால் நின்று, மாநாட்டுக்காகப் படம் எடுக்கச் சொன்னார். முகத்தை அழித்துவிடுவார்களாம்.

“முதல்ல அடையாளம்,” என்றாள் ஹுமைரா.  “அம்மா, இவர் உங்க மகன் யுகேந்திரன்தானா? ஆமான்னா இங்க கையெழுத்து.”

இராஜம்மா பேனாவை வாங்கினார். எழுதவில்லை. குமுதாவின் முன்னால் குனிந்து, நரைத்த முன்மயிரை ஒதுக்கிவிட்டு, சன்னமாகக் கேட்டார்.

“ஐயா, சாப்டியா?”

“இல்லம்மா.”

இராஜம்மா கையெழுத்துப் போட்டார்.

“சரி, என்சிக். கடைசியாக் கொடுத்ததுக்கப்புறம் வெளிநாடு போனீங்களா?”

“இல்ல.”

“பச்சை குத்தினீங்களா? மாத்திரை, ஊசி?”

“இல்ல.”

“வயிற்றுப்போக்கு?”

 இந்த ஒரு கேள்விக்காகத்தான் காரில் அத்தனை பாடமும்.

“இல்ல,” என்றாள் குமுதா. தயக்கமே இல்லாமல். “நல்லாத்தான் இருந்தேன்.”

“விபத்து, காயம்?”

அவர் சொல்லிக்கொடுத்தது இல்லை என்றுதான். குமுதா கொஞ்சம் யோசித்தாள். வலது மணிக்கட்டு மெல்ல முன்னும் பின்னும் திரும்பியது, ஏதோ ஒரு பிடியை முறுக்குவதுபோல.

“ஒரு தடவ,” என்றாள்.

ஹுமைரா பேனாவை நிறுத்தினாள். டத்தோ, “எழுதும்மா, எழுது. ஒரு தடவ அனுமதி உண்டு,” என்றார்.

“கடைசிக் கேள்வி. இப்ப எப்படி இருக்கீங்க?”

“குளிரா இருக்கு,” என்றாள் குமுதா. “இருட்டு. பூட்டி வெச்சிருக்காங்க. ரொம்பக் குளிரு.”

அந்த அறையில் குளிர்சாதனம் பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. டத்தோவின் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் உறைபெட்டிகள் உறுமின. இராஜம்மா தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் குமுதாவைச் சுற்றிப் போர்த்தினார், காது மறைய.

ஹுமைரா ‘பிற குறிப்புகள்’ என்ற இடத்தில் ‘குளிர்’ என்று எழுதிச் சாப்பு குத்தினாள். ரத்தம் எடுத்தார்கள். குப்பிகளுக்குப் பூட்டுத் திறந்தது.

போகும்போது டத்தோ இராஜம்மாவைக் கூப்பிட்டு மரணச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார்.

“இத நீங்களே வெச்சுக்கங்கம்மா. எங்க பைலோட இது ஒத்துப்போகல. எங்க பைல்ல உங்க மகன் உயிரோட இருக்காரு.”

இராஜம்மா அதை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். டத்தோவை இரு கையாலும் கும்பிட்டார். அந்த வாரியத்தைக் கும்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

*

இரண்டாவது குப்பி வைத்தார்கள். மூன்றாவதும். குமுதா பிழைத்துவிட்டாள். பெரிய டாக்டரே வியந்து, நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசினார். நாற்பது, நாற்பத்தேழு, ஐம்பத்தாறு கிலோ. கன்னம் உப்பியது. அடுப்பில் கருவாடு பொரிந்தது. அடுக்குமாடிக்குக் கீழே பக்கத்து வீட்டுப் பையன்கள் மோட்டாரை உருட்டிக்கொண்டு வந்து, “ஆன்டி, கொஞ்சம் பாருங்க ஆன்டி,” என்றார்கள். அவள் குனிந்து டயரை ஒரு தட்டுத் தட்டி, எங்கே ஆணி என்று சொல்லிவிடுவாள்.

செவ்வாயும் வெள்ளியும் கிள்ளானுக்குப் போய்வந்தாள். கேட்டால், “நல்ல காரியம்ங்க, கேக்காதீங்க,” என்பாள்.

கமலநாதன் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாளே, அது போதும் என்று இருந்தார். சில சமயம் சமையலறையில் நின்று, “குமுதா,” என்று கூப்பிடுவார். கூடத்திலிருந்து பதில் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். யாரோ உள்ளே போய்ச் சொல்லி அவளை அழைத்து வருவதுபோல.

ஆறாம் மாதம் வாரியத்திலிருந்து இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று, கொடையாளர் பதினேழு அரையாண்டுப் பரிசோதனைக்கு நேரில் வரவேண்டும் என்றது. இன்னொன்று, பெறுநர் குமுதா நலச் சரிபார்ப்புக்கு நேரில் வரவேண்டும், வராவிட்டால் கோப்பு மூடப்படும், மறுபடி நோய் வந்தால் குப்பி தரப்படமாட்டாது என்றது. ஒரே தேதி. ஒரே நேரம்.

வாரியத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. பெருங்குடலுக்குப் பக்கத்தில் ஜெனீவா கேடயம் மட்டும் புதிது. சுவரில் புதிய நட்சத்திரக் கொடையாளர் படம். முகம் புகை. கீழே சேலை, மஞ்சள் கயிறு, தோளில் இராஜம்மாவின் சால்வை. இராஜம்மா முன்னதாகவே வந்து தூக்கோடு பெஞ்சில் இருந்தார்.

“வாய்யா,” என்றார். குமுதா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கமலநாதன் கவுண்டருக்குப் போனார்.

“கொடையாளர் வந்துட்டாரு, பதிஞ்சுட்டேன் அங்கிள். போன மாசம் எடுத்த மாதிரியில தொண்ணூத்து நாலு சதவீதமாம், டத்தோவுக்கு ரொம்ப சந்தோஷம்,” என்றாள் ஹுமைரா. “பெறுநர் எங்க?”

“அதோ உக்காந்திருக்காளேம்மா.”

“அது என்சிக் யுகேந்திரன் அங்கிள். அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“அவதாம்மா குமுதா. என் பொண்டாட்டி.”

“ஒரு ஆளு ரெண்டு நம்பர்ல பதிய முடியாது அங்கிள். சிஸ்டம் ஏத்துக்காது.”

“சரி, அந்த மீதி ஆறு சதவீதம்?”

ஹுமைரா திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “அது சிறுபான்மை அங்கிள். அதுக்குன்னு தனி பைல் திறக்க மாட்டாங்க. பெறுநர் நேர்ல வரணும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவசரமில்ல. அஞ்சு மணி வரைக்கும் கவுண்டர் இருக்கு. அவங்க வந்தாச் சொல்லுங்க.”

கமலநாதன் பெஞ்சுக்குத் திரும்பினார். இராஜம்மா தூக்கைத் திறந்து பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

“குமுதா,” என்று கூப்பிட்டார்.

அவள் நிமிரவில்லை. இரு கையையும் தொடையில் தேய்த்துவிட்டு அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டினாள்.

மணி பத்தே கால்தான் ஆகியிருந்தது. சிவப்பு விழுந்தால் நிற்கவேண்டும். கமலநாதன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவி வருவதற்காகக் காத்திருந்தார்.